மின்னஞ்சலுக்கு வழி எழுதியவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் மின்னஞ்சலின் வரலாறு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பள்ளி மாணவர்களுக்கும் புரியும்படி எழுதியிருந்தார்கள். 1971இல் ரே டாம்லின்சன் '@' குறியைத் தேர்ந்தெடுத்ததில் தொடங்கி, 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது வரை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்கள். ஆனால் நடுவில் ஓர் இடத்தில், பெறுநரின் முகவரியைத் தட்டிவிட்டால் போதும், கணினிகள் தமக்குள் பேசி வழியைக் கண்டுபிடித்துக்கொண்டன என்ற பொருளில் ஒரு வரி வந்திருந்தது. 1980களில் உலகின் பல பல்கலைக்கழகங்களும் சிறு நிறுவனங்களும் பயன்படுத்திய வலையமைப்பைப் பொறுத்தவரை அது உண்மை இல்லை. அங்கே வழியை எழுதிவைத்தவர்கள் மனிதர்கள். ஒவ்வொரு ஊரிலும் ஒருவர், பெரும்பாலும் சம்பளம் இல்லாமல், தம் பக்கத்து இணைப்புகளைப் பற்றி உண்மையைச் சொன்னதால்தான் கடிதங்கள் போய்ச் சேர்ந்தன. அந்த வேலையில் நானும் இருந்தேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

1980களின் நடுவில் அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கப் போனேன். கல்விக் கட்டணத்தைச் சமாளிக்கத் துறையின் கணினிக் கூடத்தில் பகுதிநேர வேலை கிடைத்தது. கூடத்தில் ஒரு வாக்ஸ் இயந்திரம், அதில் பெர்க்லி யூனிக்ஸ் இயங்குதளம், பக்கத்தில் இரண்டு மோடம்கள். நாடாக்களை மாற்றுவது, அச்சுப்பொறியில் காகிதம் போடுவது, மின்னஞ்சல் தேங்கிக் கிடக்கிறதா என்று பார்ப்பது ஆகியவை என் பொறுப்பு. வந்த சில வாரங்களிலேயே 'வரைபடமும் இனி உன்னுடையதுதான்' என்று சொல்லிவிட்டார்கள்.

வரைபடம் எதற்கு என்பதைப் புரிந்துகொள்ள, கடிதம் எப்படிப் பயணித்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் இடம்பெற அமெரிக்கப் பாதுகாப்புத் துறையோடு தொடர்பு வேண்டும். அது இல்லாதவர்களுக்கு யூயூசிபி இருந்தது. பெல் ஆய்வகத்தில் மைக் லெஸ்க் 1976இல் எழுதிய நிரல் அது. 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு சேர்ந்து பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது. அது செய்தது மிக எளிய வேலை. ஓர் இயந்திரம் இன்னோர் இயந்திரத்தைச் சாதாரணத் தொலைபேசியில் அழைக்கும், கடவுச்சொல்லைச் சொல்லி உள்ளே நுழையும், தன்னிடம் இருக்கும் கோப்புகளைக் கொடுத்து அங்கிருப்பதை வாங்கிக்கொள்ளும், இணைப்பைத் துண்டித்துவிடும். எங்கள் இயந்திரத்துக்குத் தெரிந்ததெல்லாம் அது நேரடியாக அழைக்கும் சில இயந்திரங்களின் தொலைபேசி எண்கள்தான். அவற்றுக்கு அப்பால் உலகம் எப்படி இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே, கடிதம் எழுதுபவரே வழி முழுவதையும் முகவரியில் எழுத வேண்டும். ஒவ்வோர் இயந்திரத்தின் பெயருக்குப் பிறகும் ஓர் ஆச்சரியக்குறி வரும். ஆம்ஸ்டர்டாமில் இருப்பவருக்கு எழுத வேண்டுமென்றால், எங்கள் அண்டை இயந்திரம், அதன் பிறகு 'ஐஎச்என்பி4!சைஸ்மோ!எம்சிவாக்ஸ்!' என்று அடுக்கி, கடைசியில் அவருடைய பெயர். ஐஎச்என்பி4 இருந்தது இல்லினாய் மாநிலத்தின் பெல் ஆய்வகத்தில். சைஸ்மோ வர்ஜீனியாவில் நில அதிர்வுகளை ஆராயும் மையம் ஒன்றின் இயந்திரம். எம்சிவாக்ஸ் ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தினுடையது. ஐரோப்பாவுக்கே அதுதான் வாசல். ஒவ்வோர் இடத்திலும் கடிதம் இறங்கி, அடுத்த தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருந்து, மீண்டும் ஏறும். இடையில் ஒரு பெயர் தவறாக இருந்தால் கடிதம் திரும்பி வரும். சில சமயம் திரும்பியும் வராது.

இதனால்தான் அன்றைய ஆய்வாளர்கள் தங்கள் முகவரியைத் தரும்போது, ஊருக்கெல்லாம் தெரிந்த இரண்டு மூன்று பெரிய இயந்திரங்களிலிருந்து தங்கள் இடத்துக்கு வரும் வழியை மட்டும் சொல்வார்கள். அந்தப் பெரிய இயந்திரம் வரை எப்படிப் போய்ச் சேர்வது என்பது அனுப்புகிறவரின் பாடு. எங்கள் கூடத்தில் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எந்த நகரத்துக்கு எந்த வழி நன்றாக வேலை செய்கிறது என்று ஆளாளுக்குப் பேனாவால் எழுதி, அடித்து, மீண்டும் எழுதிய தாள். வரைபடம் முறையாக வருவதற்கு முன் எல்லா ஊர்களிலும் இப்படி ஒரு தாள் இருந்திருக்கும்.

ஆர்ப்பாநெட்டிலும் ஒரு பொதுப் பட்டியல் இருந்தது. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில், எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணியின் குழு அதைப் பராமரித்தது. புதிய இயந்திரம் சேர்ந்தால் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும்; அவர்கள் பட்டியலில் சேர்ப்பார்கள்; மற்ற இயந்திரங்கள் அந்தக் கோப்பை அவ்வப்போது எடுத்துக்கொள்ளும். அங்கே பெயரும் எண்ணும் இருந்தால் போதும். வழியை வலையமைப்பின் கருவிகள் கணக்கிட்டுக்கொண்டன. எங்கள் உலகில் அந்தக் கருவிகள் இல்லை. யார் இருக்கிறார்கள் என்பதோடு, யார் யாரை எவ்வளவு அடிக்கடி அழைக்கிறார்கள் என்பதையும் யாராவது எழுதிவைக்க வேண்டியிருந்தது.

யூயூசிபி வரைபடத் திட்டம் பிறந்தது இந்தத் தேவையிலிருந்துதான். பெல் ஆய்வகத்தில் இருந்த மேரி ஆன் ஹார்ட்டன் இதை முன்னின்று தொடங்கியவர்களில் ஒருவர். பின்னர் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்திலிருந்து இது ஒருங்கிணைக்கப்பட்டது. அமெரிக்காவின் ஒவ்வொரு மாநிலத்துக்கும், பிற நாடுகளுக்கும் தன்னார்வ ஒருங்கிணைப்பாளர்கள் இருந்தார்கள். ஒவ்வோர் இயந்திரத்தின் நிர்வாகியும் தன் பதிவை எழுதி மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். அவர்கள் சரிபார்த்து, மாநிலவாரியாகத் தொகுத்து, மாதந்தோறும் யூஸ்நெட் என்ற பொது விவாதக் குழுக்களின் வலையமைப்பில் வெளியிடுவார்கள். எவரும் எடுத்துக்கொள்ளலாம், காசு இல்லை, அனுமதி கேட்க வேண்டியதும் இல்லை.

ஒரு பதிவு எப்படி இருக்கும் என்பதைச் சற்று அருகில் காட்ட விரும்புகிறேன். வரிக்கு வரி '#' குறியும் ஆங்கில எழுத்து ஒன்றும் இருக்கும். 'என்' என்றால் இயந்திரத்தின் பெயர். 'எஸ்' என்ற வரியில் அது என்ன இயந்திரம், எந்த யூனிக்ஸ் ஓடுகிறது என்பது. 'ஓ' நிறுவனம். 'சி' பொறுப்பாளரின் பெயர். 'இ' அவருடைய மின்னஞ்சல். 'டி' தொலைபேசி எண். 'பி' அஞ்சல் முகவரி. 'எல்' வரியில் அட்சரேகையும் தீர்க்கரேகையும். துல்லியமாகத் தெரியாதவர்கள் நகரத்தின் அளவைக் கொடுத்துவிட்டு, இது நகரத்துக்கு உரியது என்று பக்கத்தில் எழுதுவார்கள். 'ஆர்' குறிப்புகளுக்கு. 'டபிள்யூ' வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பதிவைக் கடைசியாகத் திருத்தியவர் யார், எந்த நாளில் என்று அதில் இருக்கும். அந்தத் தேதியைப் பார்த்தால் அந்தக் கூடத்தில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது எனக்குப் புரிந்துவிடும்.

இந்த வரிகளுக்குக் கீழேதான் இணைப்புகள். இயந்திரத்தின் பெயர், அது யாரையெல்லாம் அழைக்கும், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்: 'ஹவர்லி', 'ஈவினிங்', 'டெய்லி', 'வீக்லி', 'டிமாண்ட்', 'டெட்'. மணிக்கொரு முறை அழைப்போம், மாலைக்கு மேல் கட்டணம் குறைந்த பிறகு அழைப்போம், நாளுக்கு ஒரு முறை, வாரத்துக்கு ஒரு முறை, கடிதம் வந்தவுடனே அழைப்போம், இணைப்பு செத்துவிட்டது என்று பொருள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எண் உண்டு. டிமாண்டுக்கு 300, ஹவர்லிக்கு 500, ஈவினிங்குக்கு 1800, டெய்லிக்கு 5000, வீக்லிக்கு 30,000. நேரடியாகக் கம்பி போட்ட இணைப்பு என்றால் 95 போதும். எண் சிறியதாக இருந்தால் வழி நல்லது.

இந்த எண்களை வாங்கிக் கணக்குப் போட்ட நிரலின் பெயர் பாத்அலையாஸ். ஸ்டீவ் பெலோவினும் பீட்டர் ஹனிமனும் எழுதியது. டச்சுக் கணித அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட குறுகிய வழி காணும் முறைதான் அதன் உள்ளே இருந்தது. எங்கள் இயந்திரத்தை மையமாக வைத்து, உலகில் உள்ள ஒவ்வோர் இயந்திரத்துக்கும் மலிவான வழி எது என்று கணக்கிட்டு ஒரு பெரிய கோப்பாகத் தரும். அவர்கள் இருவரும் 1986இல் எழுதிய கட்டுரையில், யூஸ்நெட் வரைபடத்தில் 5,700க்கும் மேற்பட்ட இயந்திரங்களும் 20,000 இணைப்புகளும் இருப்பதாகச் சொல்கிறார்கள். அவ்வளவையும் பகலில் கணக்குப் போட்டால் மாணவர்களின் வேலை நின்றுவிடும். ஆகவே நள்ளிரவுக்குப் பிறகு ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போவேன். காலையில் வந்து, பழைய கோப்பையும் புதியதையும் ஒப்பிட்டு, எந்த ஊருக்கு வழி மாறியிருக்கிறது என்று பார்ப்பேன்.

எண்களைக் கவனித்தவர்களுக்கு ஒரு கேள்வி வரும். ஒரு நாளுக்கு 24 மணி நேரம் இருக்க, டெய்லிக்கான எண் ஹவர்லியைப் போல 24 மடங்காக இல்லாமல் 10 மடங்காக மட்டும் இருப்பது ஏன்? நானும் முதலில் இதைப் பார்த்துத் திகைத்தேன். நேரத்தை மட்டும் கணக்கிட்டால், மணிக்கொரு முறை அழைக்கும் இருபது இயந்திரங்கள் வழியாகச் சுற்றிப் போவது, நாளுக்கு ஒரு முறை நேராகப் போவதை விட வேகமானது என்று கணக்குச் சொல்லும். நடைமுறையில் இருபது இடங்களில் கை மாறும் கடிதம் ஏதோ ஓரிடத்தில் மாட்டிக்கொள்ளும். ஓரிடத்தில் வட்டு நிரம்பியிருக்கும், இன்னோரிடத்தில் மோடம் பழுதாகியிருக்கும். 10 மடங்கு என்று வைத்தால் நீளமான சங்கிலிகளுக்குப் பதிலாகக் குட்டையான வழிகள் வெல்லும். அனுபவத்திலிருந்து பிறந்த கணக்கு அது. எண்களைக் குறைத்துக் கூட்டி, நாள்கணக்கில் கடிதங்களைப் பின்தொடர்ந்து பார்த்த பிறகுதான் இப்படி ஒரு முடிவுக்கு வர முடியும். இன்றைக்கும் இதை நினைத்தால் அந்த இருவர் மீதும் மரியாதை கூடுகிறது.

ஆனால் நிரல் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும், அதற்குக் கொடுக்கப்படும் சொல் உண்மையாக இருக்க வேண்டும். இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல வருகிறேன். எங்கள் பகுதியில் ஒரு நிறுவனம் தன் அண்டை இயந்திரத்தோடு உள்ள இணைப்புக்கு 'டிமாண்ட்' என்று போட்டிருந்தது. அதை நம்பிச் சுற்றுவட்டாரத்தில் இருந்த எல்லாருடைய கணக்கும் அந்த வழியைத் தேர்ந்தெடுத்தது. பிறகு அந்த நிறுவனத்தின் கணக்குப் பிரிவு, நெடுந்தொலைவு அழைப்புகளை இரவில் மட்டும் செய்தால் போதும் என்று உத்தரவிட்டுவிட்டது. யாரும் பதிவைத் திருத்தவில்லை. எங்கள் பேராசிரியர் ஒருவர் ஒரு மாநாட்டுக்கு அனுப்பிய கட்டுரைச் சுருக்கம் அங்கே போய்த் தங்கியது. கெடு முடிந்த பிறகே போய்ச் சேர்ந்தது. எங்கள் பதிவேட்டைப் பார்த்தால் கடிதம் எங்களிடமிருந்து நல்லபடியாகக் கிளம்பியிருந்தது. அதற்குப் பிறகு என்ன ஆனது என்பதை அறிய வழியில்லை. 'டி' வரியில் இருந்த தொலைபேசி எண்ணை அழைத்தேன். எடுத்தவர் நல்ல மனிதர்; தாம் வேறு பிரிவுக்கு மாறி மாதங்கள் ஆகிவிட்டன, இப்போது யார் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை என்றார். கடைசியில் அந்தப் பொறுப்பை ஏற்க ஒருவரை அவரே தேடிப் பிடித்து, பதிவைத் திருத்தி அனுப்பவைத்தார். அடுத்த மாத வரைபடத்தில் அந்தச் சொல் 'ஈவினிங்' ஆனது. எண் 300லிருந்து 1800 ஆனது. எங்கள் வட்டாரத்தின் கடிதப் போக்குவரத்தில் ஒரு பகுதி அன்றிரவே வேறு வழிக்குத் திரும்பியது.

இதற்கு நேர்மாறான பொய்யும் உண்டு. இணைப்பு நன்றாக இருந்தும், அடுத்தவர்களின் கடிதங்கள் தங்கள் தொலைபேசிக் கட்டணத்தில் போகக் கூடாது என்று சிலர் எண்ணைக் கூட்டிப் போடுவார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். பணம் அவர்களுடையது. என்ன செய்ய முடியும் என்பதையும் என்ன செய்ய மனம் இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் அந்தச் சொல் குறித்தது. நம்பிக்கையோடு மிகைப்படுத்திப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறவர்களால்தான் அதிகத் தொல்லை.

பெயர்களின் சிக்கலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யூயூசிபியின் பல பதிப்புகள் இயந்திரப் பெயரின் முதல் ஏழு எழுத்துகளைத்தான் பார்க்கும். எல்லா ஊர்களிலும் இளைஞர்கள் ஒரே கதைப் பாத்திரங்களின் பெயர்களையும் ஒரே கிரேக்கத் தெய்வங்களின் பெயர்களையும் இயந்திரங்களுக்குச் சூட்டியிருந்தார்கள். ஒரே பெயரில் இரண்டு இயந்திரங்கள் வரைபடத்தில் வந்தால், இரண்டும் ஒன்று என்று நிரல் நினைத்துக்கொண்டு, டெக்சாஸுக்குப் போக வேண்டிய கடிதத்தை மாசசூசெட்ஸுக்கு அனுப்பும். வரைபடத் திட்டத்தின் தன்னார்வலர்கள் இப்படி மோதும் பெயர்களைக் கண்டுபிடித்து, ஒரு தரப்பைப் பெயர் மாற்றச் சொல்லி வேண்டிக் கடிதம் எழுதுவார்கள். யாருக்கு அதிகாரம் இருக்கிறது? யாருக்கும் இல்லை. பெரும்பாலானவர்கள் கேட்டுக்கொண்டார்கள் என்பதுதான் ஆச்சரியம். மறுத்தவர்களுக்காக, இந்தப் பெயர் இந்தக் கோப்புக்குள் மட்டும் செல்லும் என்று குறிக்கும் வசதியை பாத்அலையாஸ் வைத்திருந்தது.

ஆச்சரியக்குறியும் '@' குறியும் ஒரே முகவரியில் கலந்து வந்தால் எதை முதலில் படிப்பது என்பதிலும் சண்டை இருந்தது. யூயூசிபி இயந்திரங்கள் ஒரு பக்கத்திலிருந்து படித்தன, ஆர்ப்பாநெட் இயந்திரங்கள் மறுபக்கத்திலிருந்து. அதை விரித்தால் கடிதம் நீண்டுவிடும்.

இன்னொரு சண்டையைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வரைபடம் நன்றாக வளர்ந்த பிறகு சில பெரிய இயந்திரங்கள், பயனர் எழுதிய வழியை ஒதுக்கிவிட்டுத் தாமே ஒரு வழியைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தன. தங்களிடம் முழு வரைபடம் இருக்கிறது, பயனரைவிடத் தங்களுக்கு நன்றாகத் தெரியும் என்பது அவர்கள் வாதம். பயனர் ஒருவர் ஒரு குறிப்பிட்ட வழி பழுதாகி இருப்பதை அறிந்து, அதைத் தவிர்த்துச் சுற்றுவழியை எழுதியிருப்பார். நடுவில் இருக்கும் இயந்திரம் அதைத் திருத்தி, பழுதான வழியிலேயே தள்ளிவிடும். கடிதம் திரும்பி வரும். அவர் மீண்டும் சுற்றுவழி எழுதுவார். மீண்டும் அதே கதை. சில வேளைகளில் இரண்டு இயந்திரங்களுக்கு நடுவில் ஒரே கடிதம் சுற்றிக்கொண்டே இருக்கும். வெளிப்படையாக எழுதப்பட்ட வழியை மதிக்க வேண்டும், வழி எழுதாமல் பெயரை மட்டும் கொடுத்தவருக்குத்தான் வரைபடத்தைப் பார்த்து வழி சொல்ல வேண்டும் என்பது அன்றைக்கு என் கட்சி. இன்றைக்கும் அதுவேதான். எழுதியவருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று வரைபடத்தில் இன்னும் ஏறாமல் இருக்கலாம்.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். ஒவ்வொருவரின் தொலைபேசிக் கட்டணத்திலிருந்துதான். ஐஎச்என்பி4 போன்ற இயந்திரங்கள் நூற்றுக்கணக்கான இடங்களுக்குக் கடிதம் சுமந்தன. அந்தச் செலவை பெல் ஆய்வகத்தின் உரிமையாளரான ஏடி அண்ட் டி நிறுவனம் ஏற்றது. சைஸ்மோவை நடத்திய ரிக் ஆடம்ஸ், இந்தப் பாரம் ஓர் ஆய்வு மையத்தின் மேல் இப்படியே ஏறிக்கொண்டே போக முடியாது என்று கண்டு, யூனிக்ஸ் பயனர்களின் யூஸ்நிக்ஸ் சங்கத்தின் உதவியோடு 1987இல் யூயூநெட்டைத் தொடங்கினார். கட்டணம் கட்டினால் கடிதத்தைச் சுமப்பார்கள். பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வடிவமைத்த, இயந்திரத்தின் பெயரைக் கொண்டே அதன் முகவரியைக் கண்டறியும் டிஎன்எஸ் முறையும் மெல்லப் பரவியது. வழியை எழுத வேண்டாம், பெயரை எழுதினால் போதும் என்ற நிலை அதற்குப் பிறகுதான் வந்தது. உங்கள் கட்டுரையாளர் சொன்னது அந்தப் பிற்காலத்துக்குப் பொருந்தும்.

இந்தியாவின் பங்கும் இதில் உண்டு. உங்கள் கட்டுரை 1995க்குத் தாவிவிட்டதால் இதைச் சேர்க்கிறேன். இந்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 1986இல் கல்வி, ஆய்வு நிறுவனங்களை இணைக்கும் எர்நெட் வலையமைப்பைத் தொடங்கியது. அதில் பங்கேற்ற எட்டு நிறுவனங்களில் சென்னை ஐஐடியும் ஒன்று. பம்பாயில் சீனிவாசன் ரமணி தலைமையில் இயங்கிய தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம்தான் வெளிநாட்டுக் கடிதங்களுக்கு வாசலாக இருந்தது. அங்கிருந்த இயந்திரத்தின் பெயர் 'சக்தி'. டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கும் பழக்கம் முழுதாக மறையாத காலம் அது. அந்தத் தொலைபேசிக் கம்பிகளில் இரவு நேரத்தில் மோடம்கள் கடல்கடந்து பேசி, கடிதங்களைப் பரிமாறிக்கொண்டன. நான் அமெரிக்காவில் இருந்தபோது, பாத்அலையாஸ் எழுதித் தந்த கோப்பில் யூயூநெட் வழியாகச் 'சக்தி' என்று முடியும் வரியைக் கண்ட அன்று, அடுத்த மேசையில் இருந்தவரை அழைத்துக் காட்டினேன். வீட்டுக்கு எழுதும் ஏரோகிராம் போய்ச் சேரப் பத்து நாளுக்கு மேல் ஆன காலத்தில், அந்த ஒரு வரி எனக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்பதைச் சொல்ல முடியாது.

இது எல்லாம் பழங்கதை என்று இளைஞர்கள் நினைக்கலாம். அப்படி இல்லை. இன்று வலையமைப்புகளுக்கு நடுவில் பிஜிபி என்ற முறை வழிகளை அறிவிக்கிறது. இந்த முகவரிகள் என்னிடம் இருக்கின்றன என்று ஒரு வலையமைப்பு சொன்னால், அண்டை வலையமைப்புகள் அதை நம்பி மேலே சொல்கின்றன. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தானில் யூடியூபைத் தடுக்க வந்த உத்தரவை நிறைவேற்றும் வேளையில், பாகிஸ்தான் டெலிகாம் அறிவித்த ஒரு வழி நாட்டுக்கு வெளியே கசிந்தது. ஹாங்காங்கின் பெரிய வலையமைப்பு ஒன்று அதைச் சரிபார்க்காமல் உலகுக்குச் சொன்னது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் உலகின் பல பகுதிகளிலிருந்து யூடியூபுக்குப் போக வேண்டிய போக்குவரத்து பாகிஸ்தானை நோக்கிப் போனது. இப்படி நடக்காமல் தடுக்கத்தான் வழிப் பதிவேடுகள் இருக்கின்றன. யார் எந்த முகவரிகளை அறிவிக்கலாம் என்று அவரவர் எழுதிவைக்கும் பொதுப் பதிவுகள் அவை. மிச்சிகனின் மெரிட் நிறுவனம் 1990களின் நடுவில் தொடங்கிய பதிவேடு இன்றும் இயங்குகிறது. கையொப்பமிட்டுச் சரிபார்க்கும் புதிய முறைகளும் வந்துவிட்டன. ஆனால் அங்கேயும் ஒரு மனிதர் உட்கார்ந்து பதிவை எழுத வேண்டும், மாறும்போது திருத்த வேண்டும். நம் ஊர்களில் வலையமைப்பு நிர்வாகிகளாக வேலை பார்க்கும் இளைஞர்கள் சிலரோடு பேசும்போது, வேலையை ஒப்படைத்துவிட்டுப் போகிறவர் இந்தப் பதிவுகளை அடுத்தவருக்குக் காட்டாமலே போய்விடுவதைக் கேட்கிறேன். அந்த 'டி' வரியில் நான் அழைத்த எண் நினைவுக்கு வருகிறது.

ஆசிரியர் அவர்களே, என் வேண்டுகோள் ஒன்றுதான். 1980களின் பிற்பகுதியில் சென்னை, பெங்களூரு, பம்பாய், தில்லி ஆகிய இடங்களில் இந்தக் கடிதங்களைச் சுமந்த இயந்திரங்களை நடத்தியவர்களில் பலர் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். ஆபரேட்டர்கள், ஆய்வு மாணவர்கள், தொலைபேசி இணைப்புக்காக அதிகாரிகளிடம் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள். வரலாற்றில் நிரலை எழுதியவர்களின் பெயர்கள் வந்துவிட்டன. பதிவுகளைத் திருத்தியவர்களின் பெயர்கள் வரவில்லை. எந்த இரவில் யாரை அழைப்பது, எந்த மோடம் எந்தக் கம்பியில் ஒத்துவரவில்லை, பில் எவ்வளவு வந்தது என்று அவர்கள் நோட்டுப் புத்தகங்களில் எழுதிவைத்திருப்பார்கள். அவர்களைப் பற்றியும் ஒரு கட்டுரை வெளியிடுங்கள்; வாசகர்களிடம் இருக்கும் நோட்டுகளையும் அச்சுத்தாள்களையும் அனுப்பும்படி ஓர் அறிவிப்புப் போடுங்கள். அவற்றை வாங்கி வைக்க ரோஜா முத்தையா நூலகம் போன்ற ஓர் இடத்தைக் கேட்டுப் பார்க்கலாம். பழைய தமிழ் அச்சுப் பிரதிகளைக் காப்பதில் அவர்களுக்குப் பழக்கம் இருக்கிறது. மங்கிப்போகும் கணினி அச்சுத்தாளும் அதே கவனிப்பை வேண்டுவதுதான்.

என்னிடம் அந்த நாட்களின் வரைபடப் பக்கங்கள் ஒரு கட்டு இருக்கின்றன. ஓரங்களில் துளையிட்ட பட்டைக் காகிதம், மை வெளிறத் தொடங்கிவிட்டது. கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடத் தயாராக இருக்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை: 'சி', 'டி', 'பி' வரிகளில் தனிமனிதர்களின் பெயர், தொலைபேசி எண், முகவரி எல்லாம் இருக்கின்றன. பார்வைக்கு வைப்பதற்கு முன் அந்த வரிகளை மறைத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணினி நிர்வாகி ஒருவர்,
ஸ்ரீரங்கம்.